கை வைக்காத சுவர்

எங்கள் அலுவலகத்தில் அப்போதெல்லாம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் ஒரு விதியைச் சொல்லிவிடுவேன். பட்டியலில் ஏறிவிட்ட வீட்டில், சென்னையிலிருந்து எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வீட்டுக்காரர்கள் கை வைக்கக் கூடாது. விரிசலை அடைக்கக் கூடாது. ஓட்டையில் ஓலை செருகக் கூடாது. சாய்ந்த சுவருக்கு முட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. இருப்பது இருக்கிறபடியே இருக்க வேண்டும். யாரோ மேலிடத்தில் போட்ட விதி என்று பல பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். போட்டது நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இந்தச் செங்கல்பட்டுப் பக்கம் தொண்டு நிறுவனம், வீடு என்று பேச்செடுத்தாலே இப்போது எல்லோருக்கும் சுனாமிதான் ஞாபகம் வருகிறது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்காத காலம். நாங்கள் புது வீடு கட்டுகிறவர்கள் இல்லை, இருக்கிற வீட்டைப் பழுது பார்த்துக் கொடுப்பவர்கள். இடிகிற சுவர் இருந்த இடத்தில் செங்கல் சுவர், மக்கிப்போன கூரைக்குப் பதிலாக ஓடு, தரைக்கு ஒரு பூச்சு. இல்லாதப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும். வெளியிலிருந்து நன்கொடை வரும். நன்கொடையோடு கூடவே ஆயிரம் கேள்வியும் வரும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. சமூகப்பணி படித்துவிட்டு எட்டு வருஷம் குவார்ட்டர்ஸில் சாம்பார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் செங்கல்பட்டில் இந்த வேலையைப் பிடித்தேன். நாலே வருஷத்தில் களப்பணி முழுக்க என் பொறுப்புக்கு வந்துவிட்டது. எனக்கு வாய் ஜாஸ்தி. அதட்டினால் வேலை நடக்கிறது என்று ஒரு தடவை கண்டுகொண்டால் போதும், அப்புறம் சாதாரணமாகப் பேசுவதே மறந்துபோகிறது. காலனிப் பெண்கள் என் தலையைப் பார்த்ததும், "தோ, மேடம் வந்துகினு கீறாங்க, எழுந்திருங்கடி" என்பார்கள். மரியாதை என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோவேன். நல்ல ஆள் நான்!

விதி வந்த கதை இது. மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம். நாங்கள் எழுதிக் கொடுத்தபோது கூரையில் வானம் தெரிந்தது. எஞ்சினியர் வருகிறார் என்றதும், வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி, அவர்கள் அக்கம்பக்கத்தில் ஓலை வாங்கிக் கூரையை அடைத்து, வாசல் மெழுகி, கோலம் போட்டு வைத்துவிட்டார்கள். அப்போது இருந்த எஞ்சினியர் ஒரு அவசரக்காரர். உள்ளே நுழையாமலே "நல்லாத்தானே இருக்கு?" என்று பட்டியலில் பேரை அடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் எவரும் கை வைக்கக் கூடாது என்று.

அதோடும் விடவில்லை. பட்டியலில் ஏறிய வீட்டின் சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதி, வீட்டுக்காரரை அதன் கீழே உட்கார வைத்துப் போட்டோ எடுத்து ஃபைலில் வைத்தோம். வேலை முடிந்தபின் அதே இடத்தில் இன்னொரு போட்டோ. நன்கொடையாளர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "உங்க ஏரியாவுல மட்டும் ஒரு பேர்கூட அடிபடலையே" என்று இயக்குநர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினேழாம் நம்பர் வீடு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இறங்கி, மண் பாதையில் உள்ளே போனால் வருகிற காலனியில் இருந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். மகளை உத்திரமேரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவர். சாமி முகம் செதுக்குகிற ஆள் இல்லை. செதுக்கி முடித்ததை மெஷின் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குகிற ஆள். அந்தக் கல் தூசு மொத்தமும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். அதனால் எந்நேரமும் வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே இருப்பார். தூக்கமும் உட்கார்ந்தபடிதான். முதுகு பட்டுப் பட்டு அந்தச் சுவரில் ஒரு இடம் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுமினுவென்று இருந்தது.

அவர் மனைவி கடற்கரை ஓரத்து விடுதி ஒன்றில் தோட்டம் கூட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் தடவை நாங்கள் போனபோது அந்த வடக்குச் சுவரைத்தான் காட்டினாள். அடியில் கரைந்து, மேலிருந்து கீழ்வரை கை நுழைகிற அகலத்துக்கு விரிசல்.

"வருசா வருசம் மழைக்கு மின்ன ஒரு கை பூசிடுவேன் மேடம். ஏரி மண்ணு எடுத்தாந்து, வைக்கோலு நறுக்கிப் போட்டு, மூணு நாளு காலால மெரிச்சி, அடியிலருந்து அப்பிக்கினு வருவேன். அதான் இத்தினி நாளு நிக்குது" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆடி மாசம் நம்பர் எழுதினோம். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, அதே சுவரின் வெளிப்பக்கம் நம்பருக்குக் கீழே உட்கார வைத்தோம். போட்டோ என்றதும் அவர் சட்டைப் பித்தானை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அதற்கே மூச்சு வாங்கியது. நாங்கள் காத்திருந்தோம். கிளம்பும்போது நான் அவளிடம் என் விதியைச் சொன்னேன்.

"இனிமே இந்தச் சுவத்துல கை வைக்கக் கூடாது. தெரியுதா?"

"மண்ணு பூசுவனே மேடம்?"

"பூசினா விரிசல் மறைஞ்சிடும். நம்பரும் மறைஞ்சிடும். பேரை அடிச்சிட்டாங்கன்னா அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது. ஆவணியிலேயே எஞ்சினியர் வந்துடுவார். மழைக்குள்ள உனக்குச் செங்கல் சுவர். போதுமா?"

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அவளை நீ என்றேன். அவள் என்னை நீங்க என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

எங்களோடு வந்திருந்த தலைமைக் கொத்தனார் ஜீப்பில் ஏறும்வரை பேசவில்லை. ஐம்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்து மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டி கிளம்பியதும் சொன்னார்: "மண்ணு செவுருக்கு வருசப் பூச்சுதான் மேடம் உசுரு. இந்த வருசம் பூசாம வுட்டா ஐப்பசி தாங்காது."

"ஆவணியில ஆள் வருதுன்னா புரியாதா உங்களுக்கு? கொத்தனார் வேலையை நீங்க பாருங்க, ஆபீஸ் வேலையை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கொத்தனார் வெளியே பார்த்துக்கொண்டார். இன்றைக்கு அந்தப் பேச்சை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆவணி போயிற்று. எஞ்சினியர் மாறிவிட்டார், புதியவர் சேர வேண்டும் என்றார்கள். புரட்டாசி பிறந்தது. புதியவர் சேர்ந்துவிட்டார், ஆனால் முதலில் வேறு மாவட்டம் போகிறார் என்றார்கள். நான் போனில் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவள் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி, அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். பாதத்தில் காய்ந்த மண்.

"மண்ணு கொழைச்சி வெச்சிட்டேன் மேடம். மூணு நாளா மெரிச்சிக் கீறேன். வானம் கறுத்துக்கினு வருது. நம்பரு மேல படாம, சுத்திக்கினு ஒரு கை பூசிக்கட்டா?"

கையால் காற்றில் வரைந்து காட்டினாள். நம்பர் இங்கே, பூச்சு இப்படி வரும் என்று. எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள். எனக்கு எதிரே ஃபைல் குவிந்திருந்தது, தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"இத்தனை நாள் பொறுத்தே. இன்னும் பத்து நாள் பொறுக்க மாட்டியா? பாதி பூசி, பாதி பூசாம இருந்தா இன்னும்தான் சந்தேகப்படுவாங்க. போய் வேலையைப் பாரு."

"சரி மேடம்" என்றாள். பிறகு போய்விட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கொத்தனார் அலுவலக வாசலில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டிலிருந்து தண்ணீர் வடிந்தது. "பதினேழு வுழுந்துட்ச்சி மேடம்" என்றார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். அடிச்சுவர் ஊறிப் பெயர்ந்து, வடக்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்திருக்கிறது. அவர் அதில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தவர்கள் மண்ணைக் கையாலேயே வாரித் தள்ளி வெளியே எடுத்து, ஒரு வேனில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் ஓடினேன். கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். காதோரம் இன்னும் மண் ஒட்டியிருந்தது. அவள் முந்தானையை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த நிலைமையிலும் எழுந்து நின்றாள்.

அவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரி விரலை அசைத்தார். குனிந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"செவுரு பூட்ச்சி மேடம். நம்பரும் பூட்ச்சி. பேரை அடிச்சிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நான் பார்த்துக்கிறேன். நீங்க பேசாதீங்க" என்றேன். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் காலனிக்குப் போகிற தைரியம் வந்தது. வீட்டின் ஒரு பக்கம் திறந்துகிடந்தது. அடுப்பு, பானை, கொடியில் அவர் சட்டை, எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தது. வாசலில் ஒரு பெரிய மண் குவியல். இடிந்த சுவர் என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வைக்கோல் நறுக்கு துருத்திக்கொண்டிருந்தது. அவள் புரட்டாசியில் மிதித்து வைத்த மண். வெயிலில் காய்ந்து கட்டியாகி, இப்போது மழையில் மறுபடி இளகிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. வேலைக்கு வந்தவள் மாதிரி நோட்டைத் திறந்து ஏதோ எழுதினேன்.

புதிய எஞ்சினியர் அந்த வாரம்தான் எங்கள் பக்கம் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். நானும் கொத்தனாரும் கூடப் போனோம். அவள் உத்திரமேரூரில் மகள் வீட்டில் இருந்தாள். எஞ்சினியர் இடிந்த இடத்தைச் சுற்றி வந்தார். அடிச்சுவரில் மிச்சம் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நம்மது பழுது பார்க்கிற திட்டம் மேடம். விழுந்த வீட்டை எப்படி எழுதறதுன்னு தெரியலையே" என்றவர், பிறகு நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். "இவ்வளவு மோசமா இருந்த சுவத்துக்கு ஏன் ஒரு முட்டுகூடக் கொடுக்கல? இந்த ஜனங்க வழக்கமா மழைக்கு முன்னாடி பூசிடுவாங்களே?"

"பூசியிருந்தா நீங்க பேரை அடிச்சிருக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அடிக்கிறேன்? மேல் பூச்சை மட்டும் பார்த்தா முடிவு பண்ணுவோம்? அடியில தட்டினாலே தெரிஞ்சிடுமே."

ஒரு அவசரக்காரர் ஒரு தடவை செய்ததை வைத்து நான் விதி போட்டிருக்கிறேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் பதிலுக்குக் காத்து நின்றார். என் வாயிலிருந்து வந்தது இது: "கொஞ்சம் அசால்ட்டா விட்டுட்டாங்க சார்."

கொத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். எஞ்சினியர் வண்டிக்குப் போனபிறகு கிட்டே வந்தார். கோபம் இல்லை, குரலே உயரவில்லை. "பழிய அந்தப் பொண்ணு மேலயே போட்டுட்டீங்களே மேடம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு என்ன சமைத்தேன், பெண்ணிடம் என்ன பேசினேன், எதுவும் ஞாபகம் இல்லை. மறுநாள் காலை இயக்குநருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். விதி என்னுடையது, கொத்தனார் எச்சரித்தார், அந்தப் பெண் வந்து கேட்டாள், நான் வேண்டாம் என்றேன், இதில் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சுவர் கட்டறதுக்கு நான் எப்படியாவது அனுமதி வாங்கித் தரேன். இந்தக் காகிதம் ஃபைலுக்குப் போனா மத்த எல்லா வீடும் நின்னுடும்மா. கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். பட்டியலில் இன்னும் அத்தனை குடும்பம் காத்திருந்தது. சுவருக்கு அனுமதி வந்தது. காகிதத்தைக் கிழித்தது நான்தான். அறிக்கையில் "தொடர் மழையால் சுவர் இடிந்தது" என்று எழுதினோம்.

அடுத்த அலுவலகக் கூட்டத்தில் விதியை எடுத்துவிட்டேன். எல்லோரும் பூசிக்கொள்ளலாம், முட்டுக் கொடுக்கலாம், நம்பரை இனிமேல் சுவரில் எழுத வேண்டாம், அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும் என்றேன். ஏன் மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். சும்மாதான் என்றேன். கொத்தனார் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தை மாசத்தில் சுவர் எழுந்தது. கொத்தனார் வேறு யாரையும் விடாமல் தானே நின்று கட்டினார். அஸ்திவாரத்தை வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினார். அவள் செங்கல் எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், ஒரு நாளும் அழுது நான் பார்க்கவில்லை. "அவரு கேட்டுக்கினே இருந்தாரு, செங்கலு செவுருன்னா முதுவு சில்லுனு இருக்குமான்னு" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த செங்கல்லை எடுத்தாள்.

வேலை முடிந்த அன்று வழக்கம்போல இரண்டாவது போட்டோ எடுக்க வேண்டும். எனக்கு மனசே இல்லை. அவள் தானாகவே போய்ச் சுவரோரம் நின்றாள். எடுத்து முடித்ததும் என் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், ஆடி மாசம் அவரை ஒரு போட்டோ புடிச்சீங்களே, அது உங்ககிட்ட கீதா? வேற போட்டோவே இல்ல அவருக்கு. ரேஷன் கார்டுல கீற குடும்பப் போட்டோவுலகூட மூஞ்சி தெரியல."

செங்கல்பட்டு பஜாரில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ ஒன்று இருந்தது. ஃபைலிலிருந்து நெகட்டிவை எடுத்துப்போய், பெரிதாக்கிச் சட்டம் போடச் சொல்கிறேன் என்றேன். பின்னால் இருக்கிற விரிசல் சுவரை மறைத்து நீலத் திரை மாதிரி செய்துவிடலாம், நம்பரும் தெரியாது, அழகாக இருக்கும் என்று வேறு யோசனை சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

"நம்பரை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க மேடம்" என்றாள். "செவுரு இருக்கட்டும். அது நான் பூசுனது."

பங்குனியில் ஒருநாள் போட்டோவை வாங்கிப்போக அலுவலகத்துக்கு வந்தாள். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப்போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், டீ சொல்லியனுப்பினேன். சட்டத்தைக் கையில் கொடுத்தேன். அவர் எல்லாப் பித்தானையும் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பின்னால் அவள் கைத்தடம் தெரிகிற மண் சுவர். நம்பர் இருந்த இடத்தை ஸ்டுடியோக்காரர் சுத்தமாகத் துடைத்திருந்தார். அவள் விரலால் கண்ணாடிமேல் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் அந்த வாரம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் உன் புருஷன் இருந்திருப்பார் என்று. வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். போட்டோவைப் பழைய புடவைத் துணியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்தாள். கதவுவரை போனவள் நின்றாள்.

"ஒண்ணு கேட்டுக்கினு பூடறேன் மேடம். இத்தெ மாட்டறதுக்கு செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும். அடிச்சிக்கட்டா? இல்ல, யாராச்சும் வந்து பாக்கறவரைக்கும் கை வெக்காம இருக்கணுமா?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே அனுமதி கேட்டாள்.

"உங்க வீடும்மா. என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பவும் என் வூடுதான மேடம்" என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.